இருபத்து நாலாவது மணி

வெர்லின் ஹேவர்காம்ப் தன் வாழ்நாளில் எழுதிய முதல் கம்ப்யூட்டர் நிரல் ஒரு கடிகாரம். முள்ளும் இல்லை, டிக் டிக் சத்தமும் இல்லை. ஒரு நாளின் ஏதோ ஒரு நேரத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எப்படி எழுதி வைப்பது என்கிற ஆரம்பப் பாடம், அவ்வளவுதான். மணிக்கு ஓர் எண், நிமிடத்துக்கு ஓர் எண். பி.எம். என்று வந்தால் மணியோடு பன்னிரண்டைக் கூட்டு. மாலை மூன்று பதினைந்தாகிவிடும், இரவு ஏழு பத்தொன்பதாகிவிடும். மாவட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் கூட உட்கார்ந்திருந்ததெல்லாம் அவன் பிள்ளை வயது. அதில் பாதிப் பேர் தடுமாறிய இடத்தில் வெர்லின் ஒரே மூச்சில் எழுதி முடித்தான். ஐம்பது தாண்டியவனுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறியது என்றால் யாரும் தப்பு சொல்ல முடியாது.

அனுப்புமுன் ஒரு தடவை 12 பி.எம். என்று தட்டிப் பார்த்தான். திரையில் 24 என்று வந்தது.

இருபத்து நாலாவது மணி என்று ஒன்று கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். சரக்கில் ஏதோ வாடை அடிக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்த பிறகு மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற வியாபாரி உண்டு. வாயை இன்னும் இறுக்கிக் கட்டுகிற வியாபாரியும் உண்டு. அன்று வெர்லின் இரண்டாவது ரகம். இருபத்து நாலோ அதற்கு மேலோ வந்தால் இருபத்து நாலைக் கழித்துவிடு என்று ஒரு வரி சேர்த்தான். இப்போது பூஜ்யம் வந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. பூஜ்யம் என்றால் நள்ளிரவு, அவன் கேட்டதோ நண்பகல் என்பதை நினைக்க அவன் நிற்கவில்லை. ஆசிரியை முழு மதிப்பெண் போட்டு, தொடக்கம், முடிவு என்று ஓரத்தில் வரும் எண்களையும் சோதித்துப் பார்க்கவும் என்று கீழே எழுதியிருந்தாள். மரியாதைக்கு எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் ஏலக் குமாஸ்தா. வடமேற்கு அயோவாவின் அந்த மூலையில் எந்தப் பண்ணைக்காரர் செத்தாலும், ஓய்வெடுத்தாலும், கடனில் முழுகினாலும் அவருடைய சாமான்களை விற்றுக் கொடுப்பது கேலன் ரூஸ்மா. மூச்சு விடாமல் விலை கூவுகிற தொண்டை கேலனுடையது. பட்டியல் போடுவதும் படம் எடுப்பதும் வெர்லினுடையது. இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சு. ஊரெல்லாம் ஏலத்தை இணையத்துக்கு மாற்றியபோது கேலனும் மாற்றினான். ஆனால் இணையக் கம்பெனி ஒவ்வொரு விற்பனையிலும் பிடித்துக்கொண்ட பங்கு அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

"எங்கேயோ உக்காந்திருக்கிறவனுக்கு நான் எதுக்குப் பங்கு குடுக்கணும்? நீதான் கம்ப்யூட்டர் படிச்சுட்டியே, நீயே பண்ணுடா."

வெர்லின் பண்ணினான். ஏலம் முடியும் நேரத்தைப் பார்த்துக்கொள்ள, வகுப்பில் எழுதிய கடிகாரத்தையே எடுத்து உள்ளே வைத்தான். இலையுதிர்காலம் முழுக்க மாலை ஏழு மணிக்கு முடிகிற ஏலங்கள். ஒன்றிலும் பிசகு இல்லை.

ஜனவரியில் ஆர்லின் ப்ளீக்கர் இறந்தார். அவர் மனைவி ஆர்டித் பண்ணையைக் குத்தகைக்கு விட்டு ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டாள். மார்ச்சில், விதைப்பு வேலை தொடங்குமுன், ஆர்லினின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஆர்டித் கேட்டது ஒன்றே ஒன்று.

"சனிக்கிழமை மத்தியானம் முடிக்கிற மாதிரி வெய்யி வெர்லின். பன்னெண்டு மணிக்குத் தண்ணித் தொட்டிச் சங்கு ஊதினா அவரு டிராக்டர நிறுத்திட்டு சாப்பிட வந்துடுவாரு. அந்த நேரத்துக்கே முடியட்டும்."

வெர்லின் மனம் இளகி, சனிக்கிழமை 12 பி.எம். என்று போட்டான்.

அந்த ஊரில் விதவையின் ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. துருப்பிடித்த வாளிக்கும் புது வாளி விலை கேட்பார்கள். உதவி என்று கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள், கொடுப்பவனுக்கும் கூச்சம். வாளி நடுவில் இருந்தால் இரண்டு பேருக்கும் மானம் தப்பும். ஆனால் அதையும் கடைசி மணி நேரத்தில்தான் செய்வார்கள். காலையில் மாட்டுக்குத் தீனி வைத்து, காபி குடித்து, பிறகு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். முன்கூட்டியே கேட்பது வெளிமாநிலத்து வியாபாரிகள்தான். மலிவாக ஏதாவது சிக்குமா என்று தூண்டில் போட்டு வைக்கிறவர்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சர்ச்சில் காணிக்கைத் தட்டைச் சுற்றுக்கு விடுமுன் அதில் ஒரு நோட்டைப் போட்டு வைப்பார்கள், வெறும் தட்டு கண்ணை உறுத்தக்கூடாது என்று. ஏலத்திலும் அப்படித்தான். ஆர்லினின் பச்சை டிராக்டர் வெறுமனே நிற்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெர்லினே தன் பெயரில் ஓர் அற்ப விலையைப் போட்டு வைத்தான். அவனுக்கு நிலம் கிடையாது. டிராக்டரை நிறுத்த இடம்கூடக் கிடையாது.

சனிக்கிழமை காலை அவன் வேறொரு பண்ணையின் கிடங்கில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போனில் சிக்னல் இல்லை. கேலன் மாட்டுச் சந்தையில் கூவிக்கொண்டிருந்தான். வெர்லின் ஊருக்குள் வண்டியைத் திருப்பும்போது மத்தியானச் சங்கு ஊதியது. ஆர்லினுக்கு மனதுக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஆபீசுக்குள் போய்ப் பட்டியலைத் திறந்தான்.

எல்லாம் வெள்ளிக்கிழமை இரவோடு நின்றுபோயிருந்தன. உளிப் பெட்டி, வெல்டிங் மெஷின், விதைப்பான், எல்லாமே தூண்டில்காரர்களின் விலைக்கே போயிருந்தன. டிராக்டருக்கு நேராக, வென்றவர் என்கிற இடத்தில், அவன் பெயர் இருந்தது.

சனிக்கிழமை காலை யாருமே கேட்கவில்லையா? நிரலைத் திறந்து 12 பி.எம். என்று தட்டினான். பூஜ்யம். பன்னிரண்டோடு பன்னிரண்டு இருபத்து நாலு, அதில் இருபத்து நாலு போனால் பூஜ்யம். சனிக்கிழமை பிறந்த நொடியிலேயே அவனுடைய கடிகாரம் கடையைச் சாத்திவிட்டது. ஊர் தூங்கி எழுந்து காபி குடித்து வந்தபோது ஏலப் பக்கத்தில் 'ஏலம் முடிந்தது' என்று இருந்திருக்கும்.

அப்போதே கேலனுக்குப் போன் போட்டிருக்கலாம். போட எடுத்தபோது கேலனே உள்ளே வந்தான். திரையைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"அட குள்ளநரி. ஆர்லினோட டிராக்டர அமுக்கிட்டியே. நான் கூவியிருந்தா இந்த விலைக்கு அதோட ஸ்டியரிங்கூட குடுத்திருக்க மாட்டேன்."

"அது நான் சும்மா ஆரம்பிச்சு வெச்ச விலை, கேலன்."

"தெரியும், தெரியும். ஊர்ல ஒருத்தனும் தொடரல, நீ என்னடா பண்ணுவ? சோளம் விக்கிற விலைக்கு எவன் கையில காசு இருக்கு." கேலன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். "செவ்வாக்கிழமை பொருள் எடுக்கிற நாள். வண்டியோட வந்து ஓட்டிட்டுப் போ. யாராவது கேட்டா ராசின்னு சொல்லு."

வெர்லின் வாயைத் திறந்தான். ஏலத்தின் கடிகாரத்தை எழுதியவன் கையிலேயே டிராக்டர் இருக்கிறது. இப்போது தவறு நடந்துவிட்டது என்று அவன் சொன்னால், அதைக் கேட்கிறவன் முதலில் டிராக்டரைப் பார்ப்பான், பிறகுதான் தவறைப் பார்ப்பான். அவனே இன்னொருத்தனைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்டால் அப்படித்தான் பார்ப்பான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் ஜோலீன் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி, மேலே சீஸ் தூவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"ஆர்டித்துக்கு." அவள் நிமிரவில்லை. "சொன்னா சிரிக்கக்கூடாது. அவளோட கேக் தட்டுக்கு நல்ல விலையா கேக்கலாம்னு இருந்தேன். காலையில பாத்தா முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு. பன்னெண்டு பி.எம்.னா ராத்திரியா மத்தியானமான்னு எனக்கு எப்பவுமே குழப்பம். ஏலக் குமாஸ்தா பொண்டாட்டிக்கு மணி பாக்கத் தெரியலன்னு ஊரு சிரிக்கும். அதான் உங்கிட்ட கேக்கல."

இதுதான் சமயம். அடுப்படியில் அவனும் அவளும் மட்டும். "நீ சரியாத்தான் பாத்த ஜோலீன்" என்று நாலு வார்த்தை.

"பரவாயில்ல விடு," என்றான் வெர்லின்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. தன் தப்புக்கு அவளை மன்னித்திருக்கிறான். அவளும் நன்றியோடு சிரித்தாள்.

அப்போதே அவனுக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது. ஜோலீனுக்கு வந்த குழப்பம்தான் ஊருக்கும் வந்திருக்கும். தப்பு தன்னுடையதாக இருக்க ஓர் இம்மி வாய்ப்பு இருந்தாலும் அந்த ஜனங்கள் போன் போட்டு முறையிடமாட்டார்கள். நான்தான் நேரத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன், ஒரு விதவையைக் கைவிட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆர்டித்துக்குச் சமைத்துக் கொடுக்க அடுப்பைப் பற்றவைத்திருப்பார்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் விற்பதில்லை, வாங்குவதில்லை; விற்றது வாங்கியதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பக்கத்துப் பண்ணையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவார்கள், காப்பீடு எவ்வளவு என்று திங்கட்கிழமைதான் கேட்பார்கள். பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல வெள்ளைப் புதினா மிட்டாய் வரிசை வரிசையாகக் கை மாறியது. வெர்லின் வாயில் அது கரையவே இல்லை. முன்வரிசையில் ஆர்டித் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை அவளுக்காகப் போட்டி போட்டுப் புரட்டிக்கொடுத்தார்கள்.

காபி நேரத்தில் வெஸ் டைக்குயிஸ் அவனை மூலைக்கு ஒதுக்கினான். ஆர்லின் பண்ணைக்கு அடுத்த பண்ணை வெஸ்ஸுடையது. ஒரு மழைக்காலத்தில் ஆர்லின் போட்ட வடிகால் வெஸ்ஸின் சோளத்தை மூழ்கடித்ததிலிருந்து இரண்டு பேரும் வருஷக்கணக்கில் தூரத்திலிருந்தே கையசைத்துக்கொண்டவர்கள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதனால நான் எதப் பத்தியும் பேசல," என்றான் வெஸ்.

"சரி."

"பச்சையா ஒண்ணப் பத்தி நிச்சயமா பேசல."

"பேசாத."

"எனக்கும் அந்த மனுஷனுக்கும் ஒரு கணக்கு பாக்கி. நேத்து தீத்திருக்கலாம். தூங்கிட்டேன்னு வெய்யி." காபியைச் சுழற்றிக்கொண்டே நின்றான். "அது உங்கிட்ட வந்ததுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா என்ன விலைன்னு மட்டும் சொல்லாத. இன்னிக்கும் சொல்லாத, நாளைக்கும் சொல்லாத."

வெளியே வரும்போது ஆர்டித்தே அவன் கையைப் பிடித்தாள்.

"ஒங்கிட்டயாவது போச்சே. ஆர்லினுக்கு ஒன்ன பிடிக்கும்."

வெர்லின் ஏதோ குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

அன்று முழுக்கத் தனக்குள்ளேயே பேரம் பேசினான். வாங்குபவனும் அவனே, விற்பவனும் அவனே; இப்படிப்பட்ட பேரத்தில் நஷ்டம் யாருக்கு என்று எந்த வியாபாரியும் சொல்லிவிடுவான். முடிவில் ஒரு விலை படிந்தது. டிராக்டர் எனக்கு வேண்டாம், வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆர்டித்திடம் சொல்லிவிடுவது. வெஸ்ஸுக்கு நல்ல விலைக்கு அவளே விற்கட்டும். கடிகாரத்தைச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். மற்ற சாமான்கள் போனது போனதுதான். பாதி உண்மையைக் கொடுத்து முழு நிம்மதியை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

திங்கட்கிழமை காலை ஆர்டித்தின் அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. மேசை, ஜன்னல் விளிம்பு, குளிர்பெட்டியின் தலை, எங்கும் கண்ணாடித் தட்டுகளும் மூடி போட்ட பாத்திரங்களும். ஒவ்வொன்றின் அடியிலும் காகித நாடா ஒட்டி வீட்டுப் பெயர் எழுதியிருந்தது. பாதி ஏற்கனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் உறையவைக்கும் பெட்டியில் திணித்திருந்தாள்.

"உக்காரு. எது வேணும் சொல்லு. கோழியும் நூடுல்சும் மட்டும் மூணு வீட்டுலேருந்து வந்திருக்கு."

"ஒண்ணும் வேணாம் ஆர்டித். அந்த டிராக்டர் விஷயமா..."

"அவரு செத்தப்பகூட இவ்வளவு வரல." அவள் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சோறு போட்டுத் தள்றாங்க. ஆனா அவரு சாமானுக்கு ஒரு வெலை கேக்க ஒருத்தருக்கும் மனசில்ல. ஹென்க் டி யோங் பொண்டாட்டி ஏலம் நெனப்பிருக்கா? பழைய சாக்குக்குக்கூட அடிச்சுகிட்டாங்க."

"நெனப்பிருக்கு."

"ரெண்டு நாளா அதையேதான் யோசிக்கிறேன். ஆர்லின் யாருக்கு என்ன பண்ணிட்டாருன்னு. வெஸ்ஸோட வடிகால் சங்கதி தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாம எத்தனையோ. அளவுல ஏமாத்துனாரா, வேலிய நகத்துனாரா? இத்தன வருஷம் கூட வாழ்ந்துட்டு, இப்ப உக்காந்து புருஷன் பண்ணின பாவத்தத் தேடிட்டிருக்கேன். இருந்தாத்தானே இப்படி ஊரே சேர்ந்து..." தட்டை வைத்தாள். "எம்மேல பரிதாபத்துக்குச் சோறு, அவருமேல பழிக்கு ஏலம். அப்படித்தான் எனக்குத் தோணுது. நீ என்னவோ சொல்ல வந்தியே."

வெர்லின் கொண்டுவந்த பேரம் அங்கேயே செத்துப்போனது. டிராக்டரைத் திருப்பிக் கொடுத்தால் அவன் கை சுத்தமாகும். செத்தவன் பேர் சுத்தமாகாது.

"ஆர்லின் ஒண்ணும் பண்ணல," என்றான். "நான்தான் பண்ணினேன்."

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி விளக்கினான். பி.எம். என்றால் பன்னிரண்டைக் கூட்ட வேண்டும், ஆனால் பன்னிரண்டோடு மட்டும் கூட்டக்கூடாது. கூட்டினால் மத்தியானம் நள்ளிரவாகிவிடும். அவன் கூட்டியிருந்தான். ஊர் வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. வெஸ் வந்தான். ஜோலீன் வந்தாள். எல்லோரும் வந்திருக்கிறார்கள். இந்தத் தட்டுகள்தான் அதற்குச் சாட்சி.

ஆர்டித் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெஸ் வீட்டுத் தட்டில் கண் கொஞ்ச நேரம் நின்றது. அவள் முகத்தில் ஏதோ தளர்வதை வெர்லின் பார்த்தான். தன் பங்குக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும் என்று ஒரு கணம் நம்பிவிட்டான்.

"ஒரு சின்னப் பையன்கூட மத்தியானத்தயும் ராத்திரியயும் மாத்த மாட்டானே," என்றாள். "நீ ஒரு தடவகூட பன்னெண்டு போட்டுப் பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். தெரியாமல் நடந்தது என்றால் யாரும் மன்னிப்பார்கள். கடைசிப் பேரம் அது, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"பாத்தேன். வகுப்புல எழுதும்போதே பாத்தேன். இருபத்து நாலுன்னு வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு பாக்காம, தெரியாத மாதிரி தொடச்சுவிட்டேன்."

"இதெல்லாம் எப்ப தெரியும் ஒனக்கு?"

"சனிக்கிழமை, சங்கு ஊதின கையோட."

"அப்ப நேத்து சர்ச்சுல நான் கையப் பிடிச்சப்ப தெரியும்."

"தெரியும்."

"டிராக்டரும் உன் பேர்ல இருந்துச்சு."

"இருந்துச்சு. அத எடுக்கணும்னு நெனக்கல, ஆர்டித். ஆனா நான் சொன்னா நம்புவாங்களான்னு..."

"சில பேர் நம்புவாங்க. சில பேர் நம்ப மாட்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "நான் எந்தப் பக்கம்னு இப்ப சொல்ல மாட்டேன். யோசிக்கணும்."

எழுந்தாள். கழுவிய பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வைத்தாள். இடையிடையே துணி செருகினாள். பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதெல்லாம் திருப்பிக் குடுக்கணும்."

"நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"நீதான் குடுக்கப்போற. ஆனா இந்த ஊர்ல வெறும் பாத்திரத்த யாரும் திருப்பிக் குடுக்கிறதில்ல, ஒனக்கே தெரியும். ஒரு பிஸ்கட்டாவது, ரெண்டு முட்டையாவது உள்ள போட்டுத்தான் குடுப்பாங்க. எனக்கு இத்தன வீட்டுக்குச் சுட உடம்புல தெம்பில்ல." அவனை நேராகப் பார்த்தாள். "நீ இப்ப எங்கிட்ட சொன்னியே, அதப் போட்டுக் குடு. ஒவ்வொரு வாசல்லயும். இருபத்து நாலயும் சேத்து. அத விட்டுட்டுச் சொன்னா தட்டு பாதி காலி."

"கேலன்..."

"அவன் பொண்டாட்டியோடதும் உள்ளதான் இருக்கு. கண்ணாடித் தட்டு, ஓரத்துல நீலப் பூ. நாளைக்கு யாரும் எதையும் எடுக்க வரக்கூடாதுன்னு அவன்கிட்டயே சொல்லிடு. மறுபடியும் ஏலம் விடுறானா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம்." கதவைத் திறந்து பிடித்தாள். "வெஸ்கிட்ட மட்டும் கொஞ்சம் நின்னு பேசு. ஆர்லின்மேல அவனுக்குக் கோவம் இல்லன்னு அவன் வாயால சொல்லட்டும், கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

பெட்டி கனமாக இருந்தது. வண்டியின் முன்சீட்டில் வைத்து, எதை முதலில் கொடுப்பது என்று மேலே இருந்ததைத் திருப்பிப் பார்த்தான். நாடாவில் ஜோலீனின் கையெழுத்தில் ஹேவர்காம்ப் என்று இருந்தது. அதைச் சத்தமில்லாமல் அடியில் செருகி, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கை போனது. ஜன்னலுக்குள் ஆர்டித் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தான்.

சொந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். வெறுமனே உள்ளே போயிருக்கலாம். சாவி பையில்தான் இருந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் முழங்கையால் கதவை இடித்தான்.

ஜோலீன் மாவுக் கையோடு வந்து திறந்தாள்.

"நம்ம வீட்டுக் கதவ நீயே தட்டுற? அது என் தட்டாச்சே. அவளுக்குப் பிடிக்கலியா?"

அப்போது தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து மத்தியானச் சங்கு ஊதியது. அது ஓயும்வரை எதுவும் சொல்ல முடியாது என்று வெர்லின் நின்றான். ஜோலீன் தட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. அவள் புருவம் சுருங்கியது.

சங்கு ஓய்ந்தது.

"உள்ள ஒண்ணு இருக்கு," என்றான் வெர்லின். "முந்தாநாளே உங்கிட்ட குடுத்திருக்கணும்."